சென்ட்ரலில் மாட்டிக்கொண்டால்: என்ன சிக்கல், எங்கே போவது

சென்னை சென்ட்ரலில் வழி தெரியாமல் தவிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் ஒன்றுதான். சென்ட்ரல் என்பது ஒரே ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். 1873-ல் திறந்த சிவப்புக் கட்டடம் ஒன்று. அதன் மேற்கே ஒட்டினாற்போல் மின்சார ரயில்களுக்கான மூர் மார்க்கெட் வளாகம். பெரிய சாலைக்கு எதிர்ப்புறம் பூங்கா ஸ்டேஷன், அதன் பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கான பூங்கா நகர், தரைக்கு அடியில் மெட்ரோ. ஆக ஐந்து. ஆட்டோக்காரரும் ஊரிலிருந்து போன் செய்யும் மாமாவும் ஐந்தையும் 'சென்ட்ரல்' என்றுதான் சொல்வார்கள்.

2019-ல் பெரிய ஸ்டேஷனுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயரைச் சூட்டினார்கள். மெட்ரோவுக்கும் அதே நீளப் பெயர்தான். அதனால் பெயர்ப்பலகையைப் பார்த்து எந்த ஸ்டேஷன் என்று பிரித்தறிவது கஷ்டம். எந்தச் சிக்கலாக இருந்தாலும், 'நான் நிற்க வேண்டிய சென்ட்ரல் இதுதானா?' என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ரயிலுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறதென்றால் இந்த முன்னுரையைக்கூடத் தாண்டியிருக்கலாம்.

பலகையில் என் ரயிலே இல்லை

பதறாமல் டிக்கெட்டை எடுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த டிக்கெட் என்றால் ஊர்ப்பெயர் இருக்காது, ஸ்டேஷன் குறியீடுதான் இருக்கும். சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். எழும்பூருக்கு எம்.எஸ். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தாம்பரத்துக்கு டி.பி.எம்., கடற்கரைக்கு எம்.எஸ்.பி. முழு டிக்கெட்டாக இருந்தால் சென்ட்ரலுக்கு 'எம்.ஜி.ஆர். சென்னை சி.டி.எல்.' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும்.

சாயங்கால நேரத்தில் பெரிய பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் காட்சி தவறாமல் கிடைக்கும். தோளில் பை, கையில் மஞ்சள் பை, கழுத்தை அண்ணாந்து பலகையைத் திரும்பத் திரும்பப் படிக்கும் ஒரு பெரியவர். பக்கத்தில் நிற்கும் இளைஞரிடம் மெதுவாகக் கேட்பார்.

"தம்பி, நெல்லை எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரம்?"

"அது எழும்பூர்லேர்ந்துல்ல போகும் ஐயா. டிக்கெட்டக் காட்டுங்க."

போன் கை மாறும். எம்.எஸ். என்று இருக்கும்.

"மெட்ராஸ் ஸ்டேஷன்னு போட்டிருக்கான்னு நெனச்சேன் தம்பி."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இரண்டெழுத்தைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மதுரை, திருச்சி, திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற தெற்குப் பக்கத்து ரயில்களுக்கு வழக்கமான இடம் எழும்பூர். கோவை, சேலம், மேட்டுப்பாளையம், பெங்களூரு, கேரளா, மும்பை, டெல்லி, கல்கத்தா, ஆந்திரா என்றால் பெரும்பாலும் சென்ட்ரல். ரயிலின் வகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வந்தே பாரத் கோவைக்கும் மைசூருக்கும் சென்ட்ரலிலிருந்து போகிறது, திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் எழும்பூரிலிருந்து போகிறது. போதாக்குறைக்கு, எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மாற்றி விடுகிறார்கள். அதனால் போன வருடம் ஏறிய இடத்தை நம்பாமல், இந்த வருட டிக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, எழும்பூர் என்று தெரிந்துவிட்டது. இப்போது ஆட்டோவைத் தேடி வெளியே ஓடாதீர்கள். தூரம் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் மாலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்த இரண்டு கிலோமீட்டர் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேராக மெட்ரோவுக்கு இறங்குங்கள். பச்சை வழித்தடத்தில் எழும்பூர் அடுத்த நிறுத்தம். டிக்கெட் 10 ரூபாய். மேலே ஏறினால் காந்தி இர்வின் சாலை, எதிரே எழும்பூர் ஸ்டேஷன். மின்சார ரயிலில் போவதானால் சுரங்கப்பாதை வழியாகப் பூங்கா ஸ்டேஷனுக்குப் போய்த் தாம்பரம் பக்கம் போகும் வண்டியில் ஏறுங்கள், அதிலும் அடுத்த நிறுத்தம் எழும்பூர்தான். பெட்டி படுக்கை அதிகமிருந்தால் மெட்ரோ நல்லது, லிஃப்ட் இருக்கிறது. எப்படிப் போனாலும் பிளாட்பாரத்திலிருந்து பிளாட்பாரத்துக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஓடுவது இரண்டு மூன்று நிமிடம்தான், மீதியெல்லாம் நடையும் படியும் பை சோதனையும்.

குறியீடு எம்.ஏ.எஸ்.தான், ஆனாலும் ரயிலைக் காணோம் என்றால் தேதியைப் பாருங்கள். நள்ளிரவு 12 மணிக்கு மேல் கிளம்பும் ரயில்தான் இதில் நிறையப் பேரைக் கவிழ்ப்பது. 15-ஆம் தேதி 00.10 மணி என்றால் 14-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி ராத்திரி வந்து நின்றால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். தேதியும் சரியாக இருந்தால், நீங்கள் சீக்கிரம் வந்திருக்கலாம். அடுத்த சில மணி நேரத்தில் கிளம்பும் வண்டிகளைத்தான் பலகை காட்டும். அதுவும் இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு போன் செய்து வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நேரம் மாற்றியிருந்தாலும் ரத்து செய்திருந்தாலும் தெரிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. கேரளாவிலிருந்து வடக்கே போகும் சில ரயில்கள் சென்ட்ரலுக்குள் வருவதே இல்லை, பெரம்பூரில் நின்றுவிட்டுப் போய்விடும். சென்ட்ரல் முட்டுச்சந்து மாதிரி. உள்ளே வந்த வண்டி நேராக வெளியே போக முடியாது, எஞ்சினை மறுமுனையில் மாட்டித்தான் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. டிக்கெட்டில் பெரம்பூர் என்று இருந்தால் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் லோக்கலில் ஏறினால் சில நிறுத்தங்கள்தான்.

ரயில் பெயர் இருக்கிறது, பிளாட்பார எண் வரவில்லை

இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நிறைய வண்டிகள் பேசின் பிரிட்ஜ் பக்கத்து யார்டில் கழுவித் துடைத்து நிற்கும். எந்த பிளாட்பாரம் காலியாகிறது என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். எண் வரும்வரை பிளாட்பாரங்களின் தலைமாட்டில் இருக்கும் கூடத்திலேயே இருங்கள். சென்ட்ரலில் உள்ள பெரிய வசதியே இதுதான். எல்லா பிளாட்பாரமும் ஒரு முனையில் இந்தக் கூடத்தில் வந்து முடிகின்றன. மற்ற ஊர் ஸ்டேஷன்களைப் போல, கடைசி நேரத்தில் எண் மாறினால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டியதில்லை.

செயலியில் பிளாட்பார எண் முன்கூட்டியே தெரிந்தால் அதை உத்தேசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பலகையும் ஒலிபெருக்கியும் சொல்வதுதான் முடிவானது. 2023 பிப்ரவரியில் இங்கே ஒலிபெருக்கி அறிவிப்பை நிறுத்திவிட்டுத் திரைகளை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். பயணிகளிடம் எடுபடவில்லை, அறிவிப்பு திரும்ப வந்துவிட்டது. அந்தச் சத்தம் இல்லாமல் நம் ஆட்களுக்கு ரயில் ஏறிய திருப்தி வருவதில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பலகையில் '2ஏ' என்று வந்தால் எழுத்துப்பிழை என்று நினைத்து 2-க்குப் போய் நிற்காதீர்கள். 2-க்கும் 3-க்கும் நடுவே 2ஏ என்று தனி பிளாட்பாரமே இருக்கிறது. நீளம் குறைவு என்பதால் சின்ன வண்டிகளுக்குத்தான் பயன்படும்.

பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன், என் பெட்டி கண்ணில் படவில்லை

நேரம் இருந்தும் வண்டியைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு பெட்டியின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டி கோத்த வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் வரும். கூடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தால், கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக, கடைசிப் பெட்டிக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆகவே டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவாவது பெட்டிக்கு எதிரே நிற்க வேண்டும், ஸ்டேஷன் வாசலில் அல்ல.

கிளம்பும் வண்டிக்கு எஞ்சின் மறுமுனையில், அதாவது பேசின் பிரிட்ஜ் பக்கம் இருக்கும். கூடத்துப் பக்கம் நிற்பது வண்டியின் வால். செயலியில் பெட்டிகளின் வரிசையைப் பார்க்கும்போது, எஞ்சினுக்கு அடுத்தது என்று காட்டுவதெல்லாம் உங்களுக்குத் தூரத்தில் இருப்பவை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, முன்னால் இருக்கிறது என்று கூடத்துப் பக்கமே நிற்பவர்கள் நிறைய.

பெட்டியின் எழுத்தும் குழப்பும். எஸ் என்றால் ஏசி இல்லாத ஸ்லீப்பர். பி மூன்றடுக்கு ஏசி, எம் அதிலேயே எகானமி, ஏ இரண்டடுக்கு ஏசி, எச் முதல் வகுப்பு ஏசி. உட்கார்ந்து போகும் வண்டியில் சி என்றால் ஏசி சேர் கார், ஈ எக்சிகியூட்டிவ், டி சாதாரண இருக்கை. பி 1-லிருந்து பி 6 வரை ஒன்றாகத்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது, நடுவே சமையல் பெட்டி வந்துவிடும். பிளாட்பாரத்தில் தலைக்கு மேலே தொங்கும் சின்னத் திரைகளில் பெட்டி எண் ஓடும். ஆனால் வண்டி ஏற்கெனவே நிற்கிறதென்றால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள், அதற்கு மேல் அத்தாட்சி இல்லை.

வண்டி கிளம்பப் போகிறது, உங்கள் பெட்டி இன்னும் ஆறேழு தள்ளி இருக்கிறது என்றால், பிளாட்பாரத்தில் ஓடாமல் பக்கத்தில் இருக்கும் முன்பதிவுப் பெட்டியில் ஏறி உள்ளேயே நடந்து போங்கள். பொதுப்பெட்டியில் ஏறிவிட்டால் உள்வழியாகப் போவதை நம்ப முடியாது. வழி இருந்தாலும் கூட்டத்தில் நகர முடியாது. நகரும் வண்டியில் தொற்றும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

வழியனுப்ப வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தே பாரத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளும். பாட்டியை உட்கார வைத்து, பையை மேலே ஏற்றி, 'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டால், அடுத்த நிறுத்தம்வரை நீங்களும் பயணிதான், அதுவும் டிக்கெட் இல்லாத பயணி. வழியனுப்புவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாதவர்கள் கூட இருந்தால் பேட்டரி கார் கேளுங்கள், சக்கர நாற்காலியும் உண்டு. போர்ட்டர் வேண்டுமென்றால் சிவப்புச் சட்டையும் கையில் பேட்ஜும் இருக்கிறவரிடம் மட்டும் பேசுங்கள். கூலியை மூட்டை தலைக்கு ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

லோக்கல் வண்டி பிடிக்க வேண்டும், எங்கே போனாலும் 'இங்கே இல்லை' என்கிறார்கள்

இதற்குத் திசையைத் தெரிந்துகொண்டால் போதும்.

வடக்கும் மேற்கும் மூர் மார்க்கெட் வளாகம். பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி ஒரு பக்கம். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை இன்னொரு பக்கம். பெரிய கட்டடத்துக்குள் போக வேண்டியதில்லை. சாலையில் நின்று பார்த்தால் சிவப்புக் கட்டடத்துக்கு இடப்புறம், ரிப்பன் மாளிகைக்கு முன்னால் வரும் கட்டடம் இது. இந்த இடத்தில்தான் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் தீயில் எரிந்தது. சந்தை போய்விட்டது, பெயர் ரயில் டிக்கெட்டில் மிஞ்சியிருக்கிறது.

தெற்கே போக வேண்டுமா, சாலையைக் கடந்து பூங்கா ஸ்டேஷன். நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி, தாம்பரம், செங்கல்பட்டு எல்லாம் இங்கிருந்து. விமான நிலையத்துக்கு எதிரே இறங்க வேண்டுமானால் திரிசூலம். தி.நகர் போகிறவர்கள் மாம்பலத்தில் இறங்க வேண்டும். தி.நகர் என்ற பெயரில் ஸ்டேஷனைத் தேடினால் கிடைக்காது.

சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், வேளச்சேரி என்றால் பூங்கா நகர். பூங்காவுக்கும் பூங்கா நகருக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்று, இடமும் பக்கத்தில், வழித்தடம் மட்டும் வேறு. கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகக் கிளம்பி, பூங்காவில் ஏறிச் சேத்துப்பட்டு வந்ததும் விழிக்கிறவர்கள் உண்டு. அப்படி ஏறிவிட்டால் இறங்கி, கடற்கரை பக்கம் போகும் வண்டியில் பூங்காவுக்கே திரும்புவதுதான் எளிது.

சாலையைக் குறுக்கே கடக்கும் வேலை வேண்டாம். சுரங்கப்பாதையும் மெட்ரோவின் அடித்தளமும் சென்ட்ரல், பூங்கா, அரசுப் பொது மருத்துவமனைப் பக்கம் எல்லாவற்றையும் இணைக்கின்றன. மெட்ரோ டிக்கெட் எடுக்காமலே அந்த வழியில் நடக்கலாம். அடித்தளம் மிகப் பெரியது, ஒரு தடவை தவறான வாசலில் ஏறினால் திரும்பி வரவே பத்து நிமிடம் ஆகிவிடும். அதனால் படியேறுமுன் அம்புக்குறிப் பலகையைப் படித்துவிடுங்கள்.

லோக்கலில் ஏறும்போது ஒரு கவனம். விரைவு லோக்கல் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. நீங்கள் பட்டரவாக்கத்திலோ அன்னனூரிலோ இறங்குகிறவர் என்றால் ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்கான பெட்டியிலும் முதல் வகுப்பிலும் தெரியாமல் ஏறிவிட்டு, 'தெரியலைங்க' என்று சொல்வதை அபராதம் போடுகிறவர் நிறையக் கேட்டிருப்பார்.

டிக்கெட் வரிசை நகரவே இல்லை

முன்பதிவில்லா டிக்கெட்டையும் லோக்கல் டிக்கெட்டையும் ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க முயன்றால் செயலி விடாது. வண்டியில் ஏறிவிட்டு டிக்கெட் பரிசோதகர் வருவதைப் பார்த்ததும் எடுக்கக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் எடுக்கலாம், இல்லையென்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் தானியங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. பக்கத்தில் உதவிக்கு ஒருவர் நின்றால் கவுன்டர் வரிசையைவிட அது வேகம்.

வழியனுப்ப வந்தவருக்கு பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். பண்டிகை நெரிசலில் இதை நிறுத்திவைப்பதும் உண்டு. அந்த மாதிரி நாளில் வாசலிலேயே கையாட்டிவிட்டுத் திரும்புவது உத்தமம்.

முன்பதிவு கவுன்டர் தேடுகிறவர்கள் மூர் மார்க்கெட் வளாகக் கட்டடத்துக்குப் போக வேண்டும்.

சார்ட் போட்டாயிற்று, டிக்கெட் இன்னும் வெயிட்டிங்

ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லாருமே காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற இறுதிப் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகி, பணம் கணக்குக்குத் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. கவுன்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டாக இருந்தாலும் முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. ஆர்.ஏ.சி. என்று வந்திருந்தால் தாராளமாக ஏறுங்கள், ஓரத்துக் கீழ்ப் படுக்கையில் இன்னொருவரோடு பங்கு போட்டு உட்காரும் இடம் உறுதி.

'எனக்கு உள்ளே ஆள் இருக்கு சார், கன்ஃபர்ம் பண்ணித் தரேன்' என்று ஒருவர் பக்கத்தில் வந்து நின்றால், நகர்ந்துவிடுங்கள். சார்ட் போட்ட பிறகு அவரிடம் விற்க ஒன்றும் இல்லை.

நேரம் நெருங்குகிறது, நான் இன்னும் டிராஃபிக்கில்

வண்டியிலேயே உட்கார்ந்து ஹாரன் அடிப்பதில் பயனில்லை. பக்கத்தில் எந்த மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணா சாலையிலோ கிண்டியிலோ இருந்தால் நீல வழித்தடம், கோயம்பேடு, வடபழனி, அண்ணா நகர் பக்கமென்றால் பச்சை வழித்தடம். இரண்டும் சென்ட்ரலுக்கு அடியில் வந்து சேர்கின்றன. சாலையில் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம் இறக்கிவிட்டால்கூட மேலே குறுக்கே ஓடாமல் சுரங்கப்பாதையில் இறங்குங்கள்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக்காரர்கள் மேற்கே போகும் ரயிலுக்குச் சென்ட்ரல்வரை வருவதே வீண் அலைச்சல். வண்டி பெரம்பூரிலோ திருவள்ளூரிலோ அரக்கோணத்திலோ நிற்குமா என்று பார்த்து, ஏறும் ஸ்டேஷனை முன்கூட்டியே ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றை மறக்கக்கூடாது. மாற்றிய பிறகு சென்ட்ரலில் ஏறும் உரிமை போய்விடும்.

தவறவிட்டே விட்டீர்கள் என்றால், அந்த முன்பதிவு டிக்கெட் அடுத்த ரயிலுக்குச் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டியதுதான். தவறு ரயில் பக்கம் என்றால் கதை வேறு. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட்டுக்கு வண்டி கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர்., அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், பதிய வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகப் பதியலாம் என்றால் பணம் போய்விடும்.

கூட்டிப்போக வந்தேன், ஆளைக் காணோம்

ஊரிலிருந்து வருகிறவர் 'பெரம்பூர் தாண்டிட்டோம்' என்று சொன்னதும் பிளாட்பாரத்துக்கு ஓடுவது வேண்டாம். பேசின் பிரிட்ஜில் பிளாட்பாரம் கிடைக்காமல் வண்டி நிற்பது சென்னைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எல்லாரும் பையையெல்லாம் இறக்கிக் கதவோரம் வந்து நிற்க, வாசல் தெரிகிற தூரத்தில் வண்டி அசையாமல் கிடக்கும்.

வண்டி எந்த பிளாட்பாரம் என்று தெரிந்ததும், உள்ளே பெட்டியைத் தேடிப் போகாமல் அந்த பிளாட்பாரத்தின் கூடத்து முனையில் நில்லுங்கள். வந்த வண்டியின் எஞ்சின் அங்கேதான் நிற்கும், இறங்குகிற கூட்டம் பெரும்பாலும் அந்த முனை வழியாகத்தான் வரும். நீங்கள் எதிர்நீச்சல் போட்டு உள்ளே போனால் ஆளுக்கொரு பக்கம் கடந்துபோய், பிறகு இரண்டு பேரும் போனில் 'எங்கே இருக்க?', 'இங்கேதான் இருக்கேன்' என்று கத்திக்கொண்டிருப்பீர்கள். முதல் தடவை வருகிற வயதானவர்கள் என்றால் மட்டும் உள்ளே போங்கள். அவர்களிடம் முன்கூட்டியே, 'நான் வர்றவரைக்கும் பெட்டிக்கு எதிரிலேயே உட்காருங்க' என்று சொல்லி வைத்திருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் 'எங்க சார் போகணும்?' என்று சூழ்ந்துகொள்கிறார்கள்

பதில் சொல்லாமல் நடந்தாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். ஆட்டோதான் வேண்டுமென்றால் ப்ரீபெய்டு கவுன்டர் எங்கே என்று கேட்டுப் போங்கள். செயலியில் கார் கூப்பிட்டால் ஓட்டுநர் நிற்கும் இடமும் நீங்கள் நிற்கும் இடமும் ஒத்துப்போவது சிரமம். 'சென்ட்ரல் வாசல்' என்று சொல்லாமல் மூர் மார்க்கெட் பக்கம், பொது மருத்துவமனைப் பக்கம் என்று அடையாளம் சொல்லுங்கள். இரண்டும் சாலையின் இரு கரை.

விமான நிலையத்துக்கு நீல வழித்தட மெட்ரோ நேராகப் போகிறது. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு முடியும். விடியற்காலை நாலு மணிக்கு வந்து இறங்கினால், அவசரமில்லாதபோது காத்திருப்பு அறையில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போவதே லாபம். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் 'சென்னை ஒன்' செயலியிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

இங்கிருந்து பஸ் பிடித்துத் தென்மாவட்டம் போகிறவர்கள் பழைய ஞாபகத்தில் கோயம்பேடு போய்விடுவார்கள். அந்தப் பஸ்களுக்கு 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தாகிவிட்டது. பூங்கா ஸ்டேஷனில் செங்கல்பட்டு பக்கம் போகும் வண்டியில் ஏறி வண்டலூரில் இறங்கினால், அங்கிருந்து பக்கம்.

பையைக் காணோம், ஆளைக் காணோம்

குழந்தை காணாமல் போனால் தேடிக்கொண்டே நேரத்தைக் கழிக்காமல், சீருடையில் கண்ணில் படும் முதல் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) காவலரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சட்டை நிறம், வயது, கடைசியாகப் பார்த்த இடம் மூன்றும் சொன்னால் போதும். கூட வந்தவரில் ஒருவர் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்கட்டும்.

க்ளோக் ரூமில் பையை வைக்கிறவர்களுக்குப் பூட்டு முக்கியம். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு போய் அங்கே வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் இல்லை.

ரயிலுக்குள் எதையாவது விட்டுவிட்டு இறங்கியிருந்தால் 139-ல் உடனே சொல்லுங்கள். வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண், பையின் நிறம் நான்கையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இறங்கிய பிறகும் டிக்கெட்டை அழிக்காமல் வைத்திருப்பது. சென்ட்ரல் கடைசி ஸ்டேஷன் என்பதால் வண்டி எங்கும் ஓடிப்போகாது, கொஞ்ச நேரம் பிளாட்பாரத்திலேயே நிற்கும். நீங்கள் இன்னும் கூடத்தைத் தாண்டவில்லை என்றால், போன் பேசிக்கொண்டே திரும்பி நடப்பதுதான் சரி. யார்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அங்கே பெருக்கும் ஆட்கள் ஏறிவிடுவார்கள், அப்புறம் எந்தப் பெட்டியில் எடுத்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும்.